வெறும் “225 போடலாமா?” என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது

“240இசட்டுக்கு 225 போடலாமா?” கார்க் குழுக்களில் வரும் கேள்வி அவ்வளவுதான். 240இசட் என்பது டாட்சனின் பழைய ஸ்போர்ட்ஸ் கார், 225 என்பது மி.மீ. கணக்கில் டயரின் அகலம். அதன் கீழே வரிசையாகப் பதில்கள்: “தாராளமா போடலாம், உரசாது.” “எனக்கு உரசுது.” “16 இன்ச் போடுங்க, செமயா இருக்கும்.” ஒருவர்கூட ஆஃப்செட் (சக்கரம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே நிற்கும் என்ற அளவு) சொல்வதில்லை. வண்டியை எவ்வளவு தாழ்த்தியிருக்கிறார், பழைய ஸ்பிரிங்கா காயில்ஓவரா (உயரம் மாற்றக்கூடிய ஒல்லி ஸ்பிரிங்), டயர் எந்தக் கம்பெனி, ஃபெண்டர் உதடு (மட்கார்டின் விளிம்பு) மடித்ததா மடிக்காததா, எதுவும் கிடையாது. இதை நம்பி ஒரு ஆள் நான்கு ரிம்மைக் கப்பலில் வரவழைத்து, டயரையும் ஏற்றி மாட்டுகிறார். பின்பக்கம் ஸ்ட்ரட்டில் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஏறும் குழாயில்) போய் அரைக்கிறது. டயர் ஏற்றிக் கீறல் விழுந்த ரிம்மை எந்தக் கடைக்காரர் திரும்ப எடுப்பார்? வருடக்கணக்காக இதே கதைதான் நடக்கிறது. பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது.

முதலில் அந்தக் கார் எதோடு பிறந்தது என்று பாருங்கள். 1969 கடைசியில் அறிமுகமான டாட்சன் 240இசட்டுக்கு நிஸான் கொடுத்தது 14 இன்ச் விட்டமும் நாலரை இன்ச் அகலமும் உள்ள இரும்பு ரிம், 175 டயர். அந்த டயரின் விட்டம் ஏறத்தாழ 635 மி.மீ. சக்கரம் உட்காரும் ஹப்பில் நான்கு போல்ட், பிசிடி (போல்ட்டுகள் நிற்கும் வட்டத்தின் விட்டம்) 114.3 மி.மீ., போல்ட் மரை எம்12x1.25. சக்கர வளைவு முழுக்க இந்த ஒல்லி டயருக்காக அளந்து செய்தது. நிஸானே 1971இல் 240இசட்ஜி விற்றபோது, அகலச் சக்கரத்துக்கு இடம் வேண்டும் என்று ஃபெண்டருக்கு மேல் ஃப்ளேர் (வளைவை அகலமாக்கும் கூடுதல் விளிம்பு) வைத்துத்தான் விற்றது. செய்த கம்பெனிக்கே பத்தாத இடம், நீங்கள் ரிம் வாங்கியதும் எங்கிருந்து முளைக்கும்?

அடுத்து ஆஃப்செட். ரிம்மின் நடுக்கோட்டுக்கும் ஹப்பில் உட்காரும் முகத்துக்கும் இடையே உள்ள தூரம் அது. பிளஸ் கூடினால் சக்கரம் உள்ளே போகும், மைனஸ் ஆனால் வெளியே வரும். இந்தக் காரில் பலரும் ஓட்டித் தேறிய கூட்டு, 15x7 (ரிம்மின் விட்டமும் அகலமும், இன்ச்சில்), ஆஃப்செட் 0, டயர் 205/60ஆர்15 (அகலம் 205 மி.மீ., பக்கச்சுவர் அதில் 60 சதவீதம், 15 இன்ச் ரிம்). விட்டம் 627, கிட்டத்தட்ட பழைய அளவு. “அதைவிட ஒரு இன்ச்தானே அகலம்” என்று 16x8, +10, 225/50ஆர்16 வாங்குகிறார்கள். கணக்குப் போடுவோம். 205 என்பது 6 இன்ச் ரிம்மில் அளந்த அகலம். ரிம் அரை இன்ச் கூடினால் டயர் சுமார் 5 மி.மீ. விரியும். ஆகவே 7 இன்ச் ரிம்மில் அது 215. 225/50ஆர்16 அளந்தது 7 இன்ச் ரிம்மில், 8 இன்ச்சில் அது 235. நடுக்கோட்டிலிருந்து பக்கத்துக்கு 10 மி.மீ. கூடுகிறது. +10 ஆஃப்செட் மொத்த சக்கரத்தையும் 10 மி.மீ. உள்ளே தள்ளுகிறது. வெளிப்பக்கம் பழைய இடத்திலேயே நிற்கும், உள்பக்கம் ஸ்ட்ரட்டை நோக்கி 20 மி.மீ. போயிருக்கும். வெளியே நின்று எடுத்த போட்டோவில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். போட்டோவைப் பார்த்து “ஃபிட் ஆகுது” என்று எழுதுபவர்கள் மேல் கோபம் வருவது இதனால்தான்.

அமெரிக்கக் கடைகள் ஆஃப்செட்டுக்குப் பதில் பேக்ஸ்பேஸிங் (ஹப்பில் உட்காரும் முகத்திலிருந்து ரிம்மின் உள்விளிம்பு வரையுள்ள தூரம்) சொல்லும். அங்கே இன்னொரு பள்ளம். 7 இன்ச் ரிம் என்பது டயர் உட்காரும் அகலம். விளிம்பு முதல் விளிம்பு வரை அளந்தால் ஏறத்தாழ 8 வரும். அதனால் 15x7 ஆஃப்செட் 0 என்றால் பேக்ஸ்பேஸிங் 4 இன்ச், மூன்றரை இல்லை. ஏழைப் பாதியாக்கிக் கணக்குப் போட்டவருக்கு அரை இன்ச் பிழை. இந்த வண்டியில் அரை இன்ச்சுக்குள்தான் எல்லாமே நடக்கிறது.

“உள்ளே உரசினால் கேம்பர் வையுங்க.” கேம்பர் என்றால் சக்கரத்தின் சாய்வு, நெகட்டிவ் என்றால் மேல்பகுதி உள்ளே சாயும். இந்த அறிவுரையைக் கண்டால் ரத்தம் கொதிக்கிறது. இசட்டில் சக்கரத்தைத் தாங்கும் வார்ப்பும் ஸ்ட்ரட் குழாயும் ஒன்றாகவே இருக்கின்றன. மேலே கேம்பர் பிளேட் போட்டுச் சாய்த்தால் குழாயும் சக்கரமும் சேர்ந்தே சாயும். டயருக்கும் ஸ்ட்ரட்டுக்கும் நடுவில் ஒரு மி.மீ.கூடக் கிடைக்காது. ஒரு டிகிரி நெகட்டிவ் கேம்பர் டயரின் மேல் தோளை ஃபெண்டர் உதட்டிலிருந்து 6, 7 மி.மீ. விலக்கும். வெளி உரசலுக்கு அது மருந்து. உள் உரசலுக்கு இரண்டே வழி: ஆஃப்செட்டைக் குறை, அல்லது ஸ்ட்ரட்டில் ஸ்பிரிங் உட்காரும் அகலமான பழைய தட்டை அறுத்தெடுத்துவிட்டு, இரண்டரை இன்ச் ஸ்பிரிங் ஏறும் காயில்ஓவர் போடு. பழைய தட்டு இருக்கும்வரை பெரிய விட்ட டயரின் தோள் அதில்தான் போய் முட்டும். குழாய்க்கும் டயருக்கும் குறைந்தது 5 மி.மீ. விடுங்கள். திருப்பத்தில் டயரின் பக்கச்சுவர் வளையும். நிற்கும் வண்டியில் ஒரு விரல் நுழைந்ததே என்பதெல்லாம் அளவே இல்லை.

225 என்பதும் ஒரே அளவு இல்லை. தோள் சதுரமாக இருக்கும் ட்ராக் டயரும், தோள் உருண்ட சாதாரண ரேடியலும் ஒரே எண்ணைத்தான் சுமக்கின்றன. முன்னது முட்டும் இடத்தில் பின்னது தப்பிவிடும். கம்பெனி தரும் அளவுப் பட்டியலில் உண்மையான அகலம், அளந்த ரிம் அகலம், விட்டம் மூன்றும் இருக்கும். அதைத் திறந்து பார்க்கக்கூட மனம் வராதா?

ரிம் தேடும்போது 4x114.3 என்ற ஒன்றை மட்டும் பார்த்து வாங்குவது தனிக் கொடுமை. அந்தப் பிசிடி உள்ள முன்சக்கர இயக்கக் கார்களின் ரிம்கள் பெரும்பாலும் +35, +40. இசட்டில் அப்படியே மாட்டினால் ஸ்ட்ரட்டைத் தொடும். உடனே ஸ்பேசர் (ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவில் வைக்கும் தகடு). தட்டையான ஸ்பேசரை நுழைத்துவிட்டு நட் எத்தனை மரை பிடிக்கிறது என்று எண்ணாமல் ஓட்டுகிறார்கள். எம்12 போல்ட்டுக்குக் குறைந்தது 12 மி.மீ. பிடிப்பு வேண்டும், 1.25 மரையில் பத்துச் சுற்று முழுசாக ஏற வேண்டும். ஏறவில்லையா, நீள போல்ட்டைத் தட்டி ஏற்றுங்கள். நட்டின் உட்காரும் வடிவத்தையும் பாருங்கள். பழைய அலாய் ரிம் சிலவற்றுக்கு நேர்க்குழாய் நட்டும் வாஷரும்தான், அதில் கூம்பு நட்டை இறுக்கினால் அலுமினியம் நசுங்கித் தளரும். மாட்டி 80, 100 கி.மீ. ஓடியதும் மறுபடி முறுக்குக் குறடால் பார்க்க வேண்டும். சக்கரம் கழன்று ஓடுகிற விஷயம் இது, சும்மா சொல்லவில்லை.

இன்னொரு கூட்டம் 195/50ஆர்15-ஐ 8 இன்ச் ரிம்மில் இழுத்து மாட்டுகிறது. அந்த டயருக்கு அனுமதித்த ரிம் ஐந்தரை முதல் ஏழு வரை. விட்டம் 576. பழைய 635-இலிருந்து 9 சதவீதத்துக்கு மேல் போயிற்று. மீட்டரில் 100 காட்டும்போது வண்டி 91-இல்தான் போகும், நெடுஞ்சாலையில் இன்ஜின் எந்நேரமும் கத்தும். வளைவில் பெரிய இடைவெளி தெரிகிறதே என்று பிறகு வண்டியையும் தாழ்த்துகிறார்கள். சஸ்பென்ஷனின் கீழ்க்கை மேல்நோக்கிச் சாய்கிறது, ஸ்பிரிங் ஓட்டம் முடிந்து பம்ப் ரப்பரிலேயே வண்டி உட்காருகிறது, மேடு பள்ளத்தில் ஸ்டியரிங் தானாக இழுக்கிறது. ஆயிரம் கிலோ சொச்சமே எடையுள்ள அருமையான வண்டியை இப்படியா வதைப்பது! 17 இன்ச்சில் 225/45 போட்டால் விட்டம் 634, கணக்கு சரிதான். ஆனால் பக்கச்சுவர் மெல்லியது, ரிம் எடை கூடலாம். பெரிய பிரேக் இல்லாமல் அதற்குத் தேவையே இல்லை. டொயோட்டா பிக்கப்பின் நான்கு பிஸ்டன் பிரேக் காலிப்பர் மாற்றியிருந்தால், ஆஃப்செட் சரியாக இருந்தும் ஸ்போக் இடிக்கலாம். அட்டையில் காலிப்பர் வடிவை வெட்டி ரிம்முக்குள் வைத்துப் பாருங்கள், 3 மி.மீ. இடைவெளியாவது வேண்டும்.

ஃபெண்டர் உதட்டை அறுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பின்வளைவில் உள்தகடும் வெளித்தகடும் உதட்டில்தான் ஸ்பாட் வெல்டில் சேர்கின்றன. அறுத்துவிட்டு அப்படியே ஃப்ளேர் வைத்து மூடினால் இரண்டும் பிரிந்து நிற்கும், தண்ணீர் புகுந்து துரு தின்னும். அறுத்த விளிம்பை மறுபடி வெல்ட் செய்து, சீலர் பூசுங்கள். மடிப்பதோடு நிறுத்துவதானால் ஹீட் கன்னால் பெயின்ட்டைச் சூடாக்கி, கொஞ்சம் கொஞ்சமாக மடியுங்கள்.

எல்எஸ் வி8 (ஜெனரல் மோட்டார்ஸின் பெரிய எட்டு சிலிண்டர் இன்ஜின்) இறக்கிய வண்டியில், அளவு கிடைத்தது என்பதற்காக எஸ் குறியீட்டு டயர் போடாதீர்கள். அது 180 கி.மீ. வேகம் வரைதான். எச் 210, வி 240. பழைய அளவு டயர்கள் கடையில் தூங்கிக் கிடக்கும், பக்கச்சுவரில் கடைசி நான்கு இலக்கத்தையும் படியுங்கள். 2319 என்றால் 2019-இன் 23-ஆம் வாரம்.

அளப்பது ஒரு நாள் வேலை. தேய்ந்த சஸ்பென்ஷன் புஷ்களை முதலில் மாற்றுங்கள், இல்லாவிட்டால் சக்கரம் நிற்கும் இடமே பொய். ஸ்பிரிங் கம்ப்ரஸர் வைத்து ஸ்பிரிங்கைக் கழற்றி, ஸ்ட்ரட்டை மட்டும் திரும்ப மாட்டுங்கள். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, ஹப்பை ஜாக்கியால் பம்ப் ரப்பர் தொடும்வரை தூக்குங்கள். ஹப் முகத்திலிருந்து ஸ்ட்ரட் குழாய்க்கு எத்தனை மி.மீ., ஸ்பிரிங் தட்டுக்கு எத்தனை, உதட்டின் உள்விளிம்புக்கு எத்தனை என்று எழுதிக்கொள்ளுங்கள். முன்பக்கம் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி, கீழ் வாலன்ஸ் (பம்பருக்குக் கீழுள்ள தகடு) மூலையையும் ஃபெண்டரின் பின்கீழ் மூலையையும் பாருங்கள். நான்கு மூலையும் தனித்தனியாக. ஐம்பது வருட வண்டி, இடதும் வலதும் ஒன்றாக இருக்கும் என்று நினைக்காதீர்கள்.

பதில் எழுதுகிறவர்களே, “உரசாது” என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள். இப்படி எழுதுங்கள்: 1972 240இசட், 15x7, ஆஃப்செட் 0, 205/60ஆர்15, டயர் இந்தக் கம்பெனி இந்த மாடல், பழைய ஸ்பிரிங் தட்டு, தொழிற்சாலை உயரம், உதடு மடிக்கவில்லை, இரண்டு ஆள் உட்கார்ந்து முழுத் திருப்பத்தில் பார்த்தது, ஸ்ட்ரட்டுக்கு இத்தனை மி.மீ. மிச்சம்.