ஒரு எஸ்எஸ்டி பொருத்துவதற்கு இத்தனை இழுபறியா?

வாங்கிப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆன டெஸ்க்டாப் கணினி மெதுவாக இயங்குகிறது என்று யாரிடம் சொன்னாலும், "புதிதாக ஒன்று வாங்கிவிடுங்கள்" என்ற ஒரே பதில்தான் வருகிறது. இதைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பொறுமை போய்விட்டது. அந்தக் கணினியின் பிராசஸரில் ஒரு குறையும் இல்லை. நான்கு கோர் கொண்ட அந்தக் காலத்து பிராசஸர், கடிதம் தட்டச்சு செய்வதற்கும், கணக்குப் பார்ப்பதற்கும், இணையத்தில் உலாவுவதற்கும் இன்றைக்கும் தாராளமாகப் போதும். கணினி திணறும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். பிராசஸர் பெரும்பாலும் வேலையின்றி இருக்கும். டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் நிற்கும். கோளாறு எங்கே என்று திரையே காட்டுகிறது. அந்த ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக, சிப்பில் தகவலைச் சேமிக்கும் எஸ்எஸ்டியைப் பொருத்தினால் போதும். அப்படியிருக்க, நன்றாக உழைக்கும் ஒரு கணினி முழுவதையும் தூக்கிப் போடச் சொல்வது எந்த வகையில் நியாயம்?

நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் ஹார்டு டிஸ்க்கில், தேவையான தகவல் படிக்கும் முனைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று ஆகும். அதாவது 4 மில்லி விநாடிக்குச் சற்று அதிகம். அதற்கு முன் அந்த முனை உரிய தடத்துக்கு நகர்வதற்கு எட்டு, ஒன்பது மில்லி விநாடி போய்விடும். ஆகவே, ஆங்காங்கே சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளைப் படிக்கும்போது விநாடிக்கு நூறு கோரிக்கைகளை நிறைவேற்றுவதே அதற்குப் பெரும்பாடு. விண்டோஸோ தொடங்கும்போதே ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளைக் கேட்கிறது. எஸ்எஸ்டியில் சுழலும் தட்டும் இல்லை, நகரும் முனையும் இல்லை. ஒரு மில்லி விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் பதில் வந்துவிடும். ஹார்டு டிஸ்க்கை மாட்டும் அதே சாட்டா கேபிளில் இணையும் மிகச் சாதாரணமான சாட்டா எஸ்எஸ்டிக்கும் இது பொருந்தும். இவ்வளவு சிறிய மாற்றத்துக்கு இவ்வளவு பெரிய பயன் தரும் வேறு பாகம் கணினிக்குள் கிடையாது. அப்படிப்பட்ட ஒரு வேலையை, சொந்தக்காரர் தாமாகச் செய்துகொள்ள முடியாதபடி, சொல்ல வேண்டிய விவரங்களைச் சொல்லாமலும் சொன்னதைக் குழப்பியும் வைத்திருக்கிறார்களே, அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அட்டைப்பெட்டியிலேயே இது தொடங்கிவிடுகிறது. விநாடிக்கு 7000 மெகாபைட் என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள். அந்த வேகம் கிடைப்பதற்கு, மதர்போர்டில் அட்டைகளைச் செருகும் இணைப்பான பிசிஐஇயின் நான்காம் தலைமுறையில், தகவல் போய்வரும் பாதைகளான தடங்கள் நான்கு வேண்டும். 2012 வாக்கில் வந்த மதர்போர்டுகளில் சிப்செட் எனும் துணைச் சிப் வழியாக வரும் ஸ்லாட்டுகள் இரண்டாம் தலைமுறையைச் சேர்ந்தவை. அங்கே ஒரு தடத்துக்கு விநாடிக்கு 500 மெகாபைட்தான் உச்சவரம்பு. ஒரே தடம் கொண்ட குட்டி ஸ்லாட்டில் அடாப்டர் அட்டையைச் செருகி, அதன்மேல் எவ்வளவு விலையுயர்ந்த எஸ்எஸ்டியைப் பொருத்தினாலும், சாதாரண சாட்டா எஸ்எஸ்டியின் வேகத்தைக்கூட அது தாண்டாது. பார்வைக்கு கிராபிக்ஸ் அட்டை செருகும் ஸ்லாட்டைப் போலவே நீளமாக இருக்கும் இரண்டாவது ஸ்லாட்டிலும், பல போர்டுகளில் உள்ளே நான்கு தடங்களுக்கு மட்டுமே இணைப்பு கொடுத்திருப்பார்கள். எந்தத் தலைமுறை போர்டில் எவ்வளவு வேகம் கிடைக்கும் என்பதைப் பெட்டியின் பின்பக்கத்தில் நான்கு வரியில் சொல்லிவிடலாம். யாரும் சொல்வதில்லை.

அந்த 7000 என்ற எண்ணே, பெரிய கோப்பு ஒன்றை ஒரே மூச்சில் படிக்கும்போது கிடைப்பது. அன்றாடப் பயன்பாட்டில் கணினி செய்வது அதுவன்று. 4 கிலோபைட் துண்டுகளை ஒவ்வொன்றாகக் கேட்டு, பதில் வந்தபின் அடுத்ததைக் கேட்கும் வேலைதான் அதிகம். அதில் இதே எஸ்எஸ்டி பெரும்பாலும் விநாடிக்கு நூறு மெகாபைட்டைக்கூட எட்டாது. பழைய கணினிக்காரருக்கு உண்மையில் பயன்படும் எண் இதுதான். அதைப் பெட்டியின் எந்த மூலையிலும் காண முடியாது.

எம்.2 விவகாரம் இதைவிட மோசம். அது, கேபிள் இல்லாமல் போர்டிலேயே செருகும் பட்டை போன்ற எஸ்எஸ்டியின் வெறும் வடிவத்தின் பெயர். 22 மில்லிமீட்டர் அகலமும் 80 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட ஒரு பட்டைக்கு 2280 என்று அளவு குறிக்கிறார்கள். அந்தப் பட்டை சாட்டா முறையிலும் இயங்கலாம், பிசிஐஇ தடங்கள் வழியாக இயங்கும் வேகமான என்விஎம்இ முறையிலும் இயங்கலாம். முனையில் உள்ள தங்க நிறத் தொடுமுனைகளை உற்றுப் பார்த்தால் ஒரு சிறு வெட்டு தெரியும். பெரும்பாலான என்விஎம்இ பட்டைகளில் ஒரு வெட்டு; சாட்டா பட்டைகளில் பொதுவாக இரண்டு. இரண்டு வெட்டு உள்ள பட்டை, என்விஎம்இ மட்டுமே ஏற்கும் ஸ்லாட்டிலும் ஒரு தடங்கலும் இல்லாமல் போய் உட்காரும். திருகையும் முடுக்கிவிடலாம். கணினியைப் போட்டால் அப்படி ஒரு பொருள் இருப்பதாகவே அது காட்டாது. பிழைச் செய்தியும் வராது. வாங்கியவர் எஸ்எஸ்டி பழுது என்று நினைத்துக் கடைக்குப் போவார். கடைக்காரர் தம் கணினியில் செருகிக் காட்டி, நன்றாகத்தான் இருக்கிறது என்று திருப்பிக் கொடுப்பார். பொருந்தாத பொருள் உள்ளேயே நுழையக் கூடாது என்பதற்காகத்தானே இணைப்பான்களில் வெட்டு வைக்கிறோம்? நுழைந்தும் வேலை செய்யாது என்றால் அந்த வெட்டு எதற்கு?

சரியான பட்டையை வாங்கியவரும் தப்புவதில்லை. பல மதர்போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டும் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்டுகளும் ஒரே தடத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஸ்லாட்டில் பட்டையைச் செருகிய நொடியில், உதாரணமாக, ஐந்தாம், ஆறாம் சாட்டா போர்ட்டுகள் செயலிழந்துவிடும். குடும்பப் படங்கள் அத்தனையும் இருக்கும் பழைய ஹார்டு டிஸ்க் அந்த போர்ட்டில் மாட்டியிருந்தால், அது திடீரென்று காணாமல் போகும். அந்த நேரத்தில் மனிதர் படும் பதற்றம் கொஞ்சமல்ல. கேபிளைக் கழற்றி அடுத்த போர்ட்டில் மாட்டினால் டிஸ்க் அப்படியே திரும்பி வந்துவிடும் என்பது, கையேட்டின் விவரப் பட்டியலுக்கு அடியில், நட்சத்திரக் குறி போட்ட பொடி எழுத்தில் மட்டும் இருக்கிறது. போர்டின் மீது அந்த இரண்டு போர்ட்டுகளுக்குப் பக்கத்தில் ஒரு சிறு குறியை அச்சிட்டிருந்தால் இத்தனை பேர் வயிறு கலங்கியிருக்க மாட்டார்கள்.

இவை எல்லாவற்றையும்விட என்னைக் கொதிக்க வைப்பது, கணினியைப் போட்டதும் முதலில் ஓடும் மதர்போர்டு மென்பொருளான பயாஸ். என்விஎம்இ விதிமுறையின் முதல் பதிப்பு 2011-இல் வெளியாகிவிட்டது. அதற்குப் பிறகு விற்கப்பட்ட ஏராளமான மதர்போர்டுகளில் பயாஸின் புதிய வடிவமான யுஇஎஃப்ஐ இருக்கிறது. ஆனால் என்விஎம்இ டிஸ்க்கிலிருந்து கணினியைத் தொடங்குவதற்கான டிரைவர் என்ற சிறு மென்பொருள் மட்டும் அதில் இல்லை. அடாப்டர் அட்டையில் பொருத்திய எஸ்எஸ்டியை விண்டோஸ் 10 அழகாகக் காட்டும். கோப்புகளைப் போடலாம், எடுக்கலாம். அதிலிருந்து தொடங்கு என்றால் மட்டும் முடியாது. எதற்காக அதை வாங்கினோமோ அது நடக்காது. அந்த டிரைவர் சில பத்து கிலோபைட்டுகளில் அடங்கிவிடக்கூடியது. ஆர்வலர்கள் தாங்களாகவே பயாஸ் கோப்பைப் பிரித்து, டிரைவரை உள்ளே செருகி, மறுபடி எழுதி, பழைய போர்டுகளில் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள். எழுதும்போது மின்சாரம் போனாலோ கோப்பு பிசகினாலோ போர்டே செத்துவிடும் என்ற ஆபத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டுதான் அதைச் செய்கிறார்கள். வாடிக்கையாளர் தம் போர்டைப் பணயம் வைத்துச் செய்து முடிக்கக்கூடிய ஒன்றை, அதைத் தயாரித்த நிறுவனம் ஒரே ஒரு அப்டேட்டாகப் பாதுகாப்புடன் தந்திருக்க முடியாதா? முடியும். சில போர்டுகளுக்குத் தந்தும் இருக்கிறார்கள். மற்றவற்றைக் கைவிட்டதற்கு, புதிய போர்டு விற்க வேண்டும் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. லினக்ஸ் பயன்படுத்துகிறவர்கள் தொடக்கக் கோப்புகளை மட்டும் பழைய சாட்டா டிஸ்க்கிலோ யுஎஸ்பி டிரைவிலோ வைத்துவிட்டு மீதி அத்தனையையும் என்விஎம்இயில் வைத்துச் சமாளித்துவிடுகிறார்கள். விண்டோஸ் பயன்படுத்தும் சாமானியருக்கு அவ்வளவு எளிதான வழி இல்லை.

அப்படியானால் பழைய கணினிக்கு ஏற்றது சாட்டா எஸ்எஸ்டிதான். அதை யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. எச்61 என்ற பழைய சிப்செட் கொண்ட போர்டில் அந்தச் சிப்செட் தரும் சாட்டா போர்ட்டுகள் எல்லாமே விநாடிக்கு 3 ஜிகாபிட்தான். நடைமுறையில் விநாடிக்கு 270 மெகாபைட் அளவில் நின்றுவிடும். அதனால் வீண் என்று சொல்லிச் சொல்லியே எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். வீண் இல்லை. காத்திருக்கும் நேரம் குறைவதால்தான் கணினி வேகமாகத் தோன்றுகிறது; அந்த ஆதாயம் 3 ஜிகாபிட் போர்ட்டிலும் ஏறக்குறைய முழுமையாகக் கிடைக்கிறது.

அந்த வழியில் போகிறவரையும் நிம்மதியாக விடுவதில்லை. பெட்டிக்குள் கேபிள் இருக்காது, திருகு இருக்காது, 2.5 அங்குல எஸ்எஸ்டியை 3.5 அங்குல இடத்தில் மாட்டும் தகடும் பெரும்பாலும் இருக்காது. சில பிராண்டட் கணினிகளில் பவர் சப்ளையிலிருந்து சாட்டா மின்கம்பியே வராது. மதர்போர்டிலிருந்து தனி வகைக் கேபிள் எடுக்க வேண்டும், அது வெளிச்சந்தையில் எளிதில் அகப்படாது. மோலெக்ஸ் என்ற பழைய வகை மின்கம்பியைச் சாட்டாவாக மாற்றும் மலிவான அடாப்டர்களில், பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த வகை உருகித் தீப்பிடித்த நிகழ்வுகள் உண்டு; அதை எந்த எச்சரிக்கையும் இல்லாமல் விற்கிறார்கள். அதன்பின் பயாஸில் சாட்டா இன்னும் ஐடிஇ என்ற பழைய முறையில் இருப்பது தெரியவரும். விண்டோஸ் நிறுவியபின் அதை எஸ்எஸ்டிக்கு ஏற்ற ஏஹெச்சிஐ என்ற முறைக்கு மாற்றினால், நீலத்திரைப் பிழை வந்து கணினி தொடங்காது. விண்டோஸ் 10-இல் முதலில், அடிப்படை டிரைவர்களோடு மட்டும் இயங்கும் சேஃப் மோடில் தொடங்குமாறு அமைத்துவிட்டு, பயாஸில் முறையை மாற்றி, ஒருமுறை சேஃப் மோடில் தொடங்கி, பிறகு இயல்புநிலைக்குத் திரும்பினால் போதும். மறுபடி நிறுவ வேண்டியதே இல்லை. இந்த மூன்று வரித் தீர்வைச் சொல்லாமல், எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவச் சொல்லி அனுப்புகிறவர்கள் மீது எனக்கு மிகுந்த கோபம் உண்டு.

புதிதாக நிறுவும்போதும் ஒரு பொறி காத்திருக்கிறது. பழைய டிஸ்க்கும் மாட்டியிருந்தால், விண்டோஸ் நிறுவி தன் தொடக்கக் கோப்புகளைக் கேட்காமலேயே பழைய டிஸ்க்கில் ஏற்கெனவே இருக்கும் தொடக்கப் பகுதியில் வைத்துவிடக்கூடும். எஸ்எஸ்டியில் விண்டோஸ் இருக்கிறது, எல்லாம் வேகமாக ஓடுகிறது என்று மகிழ்ந்திருப்பவர், சில மாதம் கழித்துப் பழைய டிஸ்க்கைக் கழற்றும் அன்று கணினி தொடங்காமல் நிற்கும். நிறுவும்போது எஸ்எஸ்டியை மட்டும் மாட்டி வையுங்கள் என்று நிறுவியின் முதல் திரையிலேயே ஒரு வரி எழுதினால் தீர்ந்தது.

இத்தனையும் கடந்து வந்தவருக்கு, வாங்கிய பொருளாவது நம்பகமானதாக இருக்க வேண்டாமா? ஒரு மாடல் நல்ல பெயர் வாங்கியபின், அதே பெயரில், அதே பெட்டியில், எஸ்எஸ்டியை இயக்கும் சிப்பான கன்ட்ரோலரையும் தகவலைச் சேமிக்கும் நினைவகச் சிப்பையும் மாற்றி விற்ற நிகழ்வுகள் 2021-இல் அடுத்தடுத்து வெளிச்சத்துக்கு வந்தன. கியூஎல்சி எனப்படும் மலிவான வகை நினைவகச் சிப் கொண்ட எஸ்எஸ்டிகளில், தற்காலிகச் சேமிப்புப் பகுதி நிரம்பியதும் எழுதும் வேகம் ஹார்டு டிஸ்க்கைவிடக் கீழே இறங்கிவிடுவதும் உண்டு; பெட்டியின் மேல் இருக்கும் எண்ணோ நிரம்புவதற்கு முந்தைய வேகத்தைத்தான் சொல்கிறது. விமர்சனங்களைத் தேடிப் படித்து, ஒப்பிட்டு, ஒன்றைத் தேர்ந்தெடுப்பவரின் உழைப்பையே இது கேலிக்கூத்தாக்குகிறது. உள்ளே இருப்பதை மாற்றினால் மாடல் எண்ணையும் மாற்ற வேண்டும். கன்ட்ரோலர் எது, சிப் எந்த வகை, தற்காலிகப் பகுதி நிரம்பிய பின் வேகம் எவ்வளவு என்பதைப் பெட்டியிலேயே அச்சிட வேண்டும்.