'எலி' என்று போட்டால் என்ன குறைந்துவிடும்?

நேற்றிலிருந்து பதினோரு பேர் அதே செய்தியை எனக்கு அனுப்பிவிட்டார்கள். "பெருங்குடல் புற்றுநோய்க்கு முடிவு!" உள்ளே போனால் ஏழாவது பத்தியில் 'ஆய்வக எலிகளில்' என்று இருக்கிறது. அதைத் தலைப்பில் போடுங்கள் என்றுதான் கமெண்ட் போட்டேன். அழித்துவிட்டார்கள். போதாததற்கு ஒருவர் "உங்களுக்குப் பொறாமை" என்கிறார். ஆமாம் சார், எலி மேல்.

எலியை நான் குறை சொல்லவில்லை. ஐந்து வருடம் அதுகளோடுதான் குப்பை கொட்டினேன். 'மின்' (Min) எலி என்று ஒரு வகை. மின்சாரம் இல்லை, குடலில் நிறையக் கட்டி முளைப்பதைச் சொல்லும் ஆங்கிலச் சுருக்கம். ரத்தசோகை பிடித்த ஒரு எலியிலிருந்து தொடங்கி, 1990இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கண்டறிந்தது. அதற்குக் குடலில் கட்டி வளராமல் தடுக்கும் ஏபிசி (APC) மரபணு பழுது. மனிதருக்கு வரும் பெருங்குடல் புற்றுநோயிலும் பெரும்பாலும் அதே மரபணுதான் கெட்டிருக்கும். அதனால்தான் அதற்கு இத்தனை மவுசு. ஆனால் மின் எலிக்குப் பாலிப், அதாவது குடல் சுவரில் வரும் சின்னக் கட்டி, முளைப்பது முக்கால்வாசி சிறுகுடலில். நம்மைக் கொல்வது கட்டி கல்லீரலுக்குப் பரவுவது. மின் எலி அதுவரை தாங்காது, நாலைந்து மாதத்தில் ரத்தசோகையிலேயே போய்விடும். இளஞ்சிவப்புப் பாதம் வெளுக்க ஆரம்பித்தால் எங்களுக்குத் தெரிந்துவிடும். அப்புறம் குடலை நீளவாக்கில் பிளந்து, தாளில் விரித்து, மெத்திலீன் ப்ளூ சாயம் போட்டு, பாலிப்பை ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். எண்ணிக்கை பாதியானால் லேப்பில் கேக் வெட்டுவோம். மருந்து கண்டுபிடித்துவிட்டோம் என்று யாரும் சொல்ல மாட்டோம்.

"எல்லா மருந்தும் எலியில்தானே தொடங்குகிறது?" தொடங்குகிறது, சரி. வீக்கத்தைத் தூண்டும் காக்ஸ்-2 என்ற நொதியை முடக்கினால் எலிக்குப் பாலிப் குறைகிறது என்று 1996இல் தெரிந்தது. பரம்பரைப் பாலிப் நோய்க்கு, அந்த நொதியை முடக்கும் செலிகாக்சிப் மருந்தை அமெரிக்காவில் 1999இல் அனுமதித்தார்கள். 2011இல் அந்த அனுமதியே போய்விட்டது. மனிதர்களிலும் ஓரளவு வேலை செய்த மருந்துக்கே இந்தக் கதி. தலைப்பில் 'எலி' என்று போடுங்கள், அவ்வளவுதான் கேட்கிறேன்.

"எலி பாவமில்லையா?" என்று வருபவர்கள் இன்று வேண்டாம். அந்தக் கணக்கு என்னிடம் தனியாக இருக்கிறது.

"மக்களுக்கு நம்பிக்கை கொடுத்தால் தப்பா?" என்கிறீர்கள். அனுப்பிய பதினோரு பேரில் ஒருவர் என் பெரியம்மா. மூன்றாவது கீமோ முடிந்து வாயெல்லாம் புண். ராத்திரி போன் செய்தார். "ஏம்மா, நீ படிச்ச எலி சமாச்சாரம்தானே இது? அப்ப கீமோவை நிறுத்திடட்டுமா?"

வேண்டாம் பெரியம்மா, இது இன்னும் எலியோடு நிற்கிறது என்று அரைமணி நேரம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி, அந்த எலியாவது பொழச்சுதா?" என்றார்.

சாப்பிட்டீங்களா என்று கேட்டுப் பேச்சை மாற்றிவிட்டேன்.