வேண்டாம் என்பார்கள், வாங்கிக் கொடுங்கள்

வயதான பெற்றோருக்கு நத்தார் பரிசாக ஸ்மார்ட் மணிக்கூடு, பிரஷர் பார்க்கும் கருவி என்று உங்கள் கட்டுரையில் சொல்லியிருக்கிறீர்கள். கொழும்பில் சரிவரலாம். வன்னியில் வயல் செய்யும் அப்பாமாரிடம் கொடுத்தால், "உதுக்கேன் காசைக் கரியாக்கினனீ?" என்ற கேள்வியோடு அலுமாரிக்குள் போய்விடும். அண்ணா வெளிநாட்டிலிருந்து அனுப்பிய சேர்ட்டுகளில் எங்கள் அப்பா இன்னும் குண்டூசிகூடக் கழற்றவில்லை.

மார்கழி என்றால் இங்கே மழையும் காலபோக (மாரிகால நெல்) வயலும்தான். இரவுக் காவலுக்குப் போனால் பன்றி, யானைப் பயம் வேறு. ஆகவே சார்ஜ் பண்ணக்கூடிய, தூரத்துக்கு வெளிச்சம் அடிக்கும் நல்ல ரோச் லைட் ஒன்று வாங்குங்கள். அல்லது முழங்கால் வரை வரும் றப்பர் பூட்ஸ். முதலில் ஏசுவார், மறுநாள் காலமை அதைப் போட்டுக்கொண்டு வரம்பில் நிற்பார். அளவைக் கேட்காதீர்கள், கேட்டால் வாங்கவே விடமாட்டார்; பழைய செருப்பைக் கடைக்குக் கொண்டுபோங்கள். விலைச்சீட்டையும் கிழித்துவிடுங்கள், அது முக்கியம்!

அம்மாமார் வேறு ரகம். சேலை கொடுத்தால் அது மருமகளுக்குப் போய்விடும். பெரிய எழுத்துச் செபப்புத்தகம், நள்ளிரவுப் பூசைக்குப் போர்த்திக்கொண்டு போக ஒரு சால்வை என்றால் வைத்துக்கொள்வார்கள். அதைவிட நல்லது, ஆவணி (ஆகஸ்ட்) 15 மடு மாதா கோயில் திருவிழாவுக்குக் கூட்டிப்போவதாக இப்போதே சொல்லிவைப்பது. வான் பிடிக்கும்போது பக்கத்து வீட்டு ஆச்சிக்கும் ஒரு சீற் வையுங்கள். இல்லாவிட்டால் அம்மா ஏறமாட்டா.