ஆசிரியர்கள் மாறவில்லையாம்!

"காலத்துக்கேற்ப ஆசிரியர்கள் மாற வேண்டும்" என்று முழங்காத மேடை இந்தச் சென்னையில் இப்போது கிடையாது. ஆண்டு விழாவுக்கு வரும் சிறப்பு விருந்தினர் சொல்கிறார், சனிக்கிழமைப் பயிற்சியில் கருத்தாளர் சொல்கிறார், பெற்றோர் கூட்டத்தில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கும் ஒரு தந்தை எழுந்து நின்று, கைதட்டலை எதிர்பார்த்துக்கொண்டே சொல்கிறார். வடசென்னையில் அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கும் எனக்கு, இதைக் கேட்கும்போதெல்லாம் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியது போல் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் மாறிக்கொண்டே இருப்பவர்களைப் பார்த்து "மாறுங்கள்" என்று சொல்வதை அறிவுரை என்று எப்படி எடுத்துக்கொள்வது?

இந்த ஊரில் நடந்ததையே பார்ப்போம். செயல்வழிக் கற்றல் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில்தான் தொடங்கியது. ஆந்திரத்தின் ரிஷிவேலியில் நடந்துகொண்டிருந்த முறையைப் பார்த்துக் கற்றுக்கொண்ட ஆசிரியர்கள், மேசை நாற்காலியை ஓரங்கட்டிவிட்டுப் பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்தார்கள். பாடங்களைப் படிப்படியாகப் பிரித்து அட்டைகளாக்கினார்கள். சுவரின் அடிப்பகுதியில், சின்னக் கைகளுக்கு எட்டும் உயரத்தில், பிள்ளைகளுக்கென்று கரும்பலகை வந்தது. சில ஆண்டுகளில் அது மாநிலம் முழுவதற்கும் போயிற்று. அந்த முறையில் எனக்கு முழு உடன்பாடு என்று சொல்ல மாட்டேன். அட்டைகள் கிழிந்து, எண்கள் மாறி, எந்தப் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று யாருக்கும் தெரியாமல் போன வகுப்புகளும் இருந்தன. ஆனால் பல்லாண்டுகள் நின்றுகொண்டே பாடம் நடத்திப் பழகிய ஆசிரியர்கள் தரையில் உட்கார்ந்தார்களா இல்லையா? அதன் பிறகு சமச்சீர்க் கல்வி வந்தது, 2012இல் முப்பருவ முறை வந்தது, 2018 முதல் புதிய பாடநூல்கள் க்யூஆர் குறியீடுகளோடு வந்தன. 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியபோது, அரிசி டப்பாவின் மேல் கைபேசியைக் கவிழ்த்துக் கட்டி, அதன் கண்ணுக்குக் கீழே நோட்டை விரித்து வைத்து, இரவு எட்டு மணிக்குப் பாடம் நடத்தியவர்கள் யார்? பிள்ளையின் வீட்டில் இருந்த ஒரே கைபேசி அப்பாவோடு வேலைக்குப் போய், அந்த நேரத்துக்குத்தான் வீடு திரும்பும் என்பதால் எங்கள் பாடவேளையையே இரவுக்கு மாற்றிக்கொண்டோம். எந்தச் சுற்றறிக்கையும் அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஆகவே, தொழில்நுட்பத்தைக் கண்டு அஞ்சுகிறோம் என்ற கதையை இத்தோடு விட்டுவிடுங்கள். என் குமுறல் வேறு. வகுப்பறைக்கு என்று வாங்கப்படும் எதையும் வகுப்பறையில் நிற்பவரிடம் கேட்டு வாங்குவதில்லை; வாங்கியது வேலை செய்யாமல் போனால் மட்டும் பழி வகுப்பறையில் நிற்பவர் மேல் விழுகிறது.

எங்கள் பள்ளியின் தொடுதிரைப் பலகையைச் சொல்கிறேன். நன்கொடையில் வந்தது. பொருத்த வந்த இளைஞர் அரை மணி நேரம் விதவிதமாக வண்ணங்களைக் காட்டினார், கையெழுத்து வாங்கிக்கொண்டார், போய்விட்டார். ஒரு பருவம் ஒழுங்காக ஓடிய பலகை, அதன் பிறகு தொட்ட இடத்தை விட்டுவிட்டு வேறெங்கோ எழுதத் தொடங்கியது. செல்லின் படத்தைத் திரையில் வைத்து உட்கருவைத் தொட்டால், புள்ளி செல் சுவருக்கு வெளியே போய் விழும். நுண்குமிழைச் சுட்டினால் அம்பு பலகையின் மூலையை நோக்கிப் பாயும். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். எனக்கு அந்த நாற்பது நிமிடம் போயிற்று. நிறுவனத்துக்குத் தொலைபேசினால் "டிக்கெட் போடுங்க மேடம்" என்றார்கள், போட்டேன், உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டதாகப் பதில் வந்தது. பழுதுபார்க்க ஒதுக்கீடு இருக்கிறதா என்று நிர்வாகத்திடம் கேட்டால், வாங்குவதற்குத்தான் நன்கொடை, பராமரிப்புக்கு யாரும் தரவில்லை என்றார்கள். போதாக்குறைக்கு அந்த அறையின் சன்னல்களுக்குத் திரைச்சீலை கிடையாது. காலை வெயில் நேராகப் பலகையில் அடிக்கும்போது கடைசி வரிசைக்கு ஒன்றும் தெரியாது. இப்போது அதற்குத் துணி உறை தைத்துப் போர்த்தியிருக்கிறோம். அரையாண்டுத் தேர்வு அட்டவணையை அந்த உறையின் மேல்தான் குத்தி வைத்திருக்கிறோம். யாராவது பார்வையிட வருகிறார்கள் என்றால் மட்டும் அட்டவணை இறங்கும், உறை கழலும், பலகை ஒளிரும், படம் எடுக்கப்படும்.

அதே பாடத்தைப் பிறகு எப்படி நடத்தினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆய்வகத்தில் உருப்படியாக இருப்பது ஒரே ஒரு நுண்ணோக்கி. ஒவ்வொரு பிள்ளையாக வந்து கண்ணை வைத்துப் பார்த்து முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். பாதிப் பேர் தங்கள் இமைமுடியைப் பார்த்துவிட்டுத்தான் செல்லைப் பார்த்ததாகச் சொல்வார்கள். வெங்காயத் தோலை உரித்துச் சாயமிட்டு வைத்துவிட்டு, என் கைபேசியின் கேமராவைக் கண்ணருகு வில்லையோடு ஒட்டிப் பிடித்து, அதைப் பழைய புரொஜெக்டரோடு இணைத்துச் சுவரில் விழச் செய்தேன். செங்கல் அடுக்கியது போன்ற அந்தச் செல்கள் ஆளுயரத்துக்குத் தெரிந்தபோது வகுப்பு சட்டென்று அடங்கிற்று. பின்வரிசைப் பையன் ஒருவன் எழுந்துவந்து சுவரில் உட்கருவைத் தொட்டுக் காட்டினான். தொழில்நுட்பம் என்றால் எனக்கு இதுதான். இதற்கு வேண்டியது சரியான ஒரு கேபிளும், கைபேசியை அசையாமல் பிடிக்க ஒரு தாங்கியும். அந்தக் கேபிளுக்கு நான் எழுதிக் கொடுத்த விண்ணப்பம் எந்த மேசையில் இருக்கிறதோ தெரியாது. கடைசியில் மின்னணுச் சாமான் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போய் என் காசில்தான் வாங்கி வந்தேன்.

பலகையையாவது போர்த்தி வைக்கலாம். செயலிகளைப் போர்த்தி வைக்க முடியாது. காலையில் பிள்ளைகள் உட்கார்ந்து நோட்டை எடுக்கும் நேரத்தில் நான் கைபேசியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். வருகைப் பதிவு ஏற வேண்டும், வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, சிக்னலுக்காக வராந்தாவுக்கும் வகுப்புக்கும் நடக்கிறேன். கைபேசியை வகுப்பில் தொடக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்வதும் நான்தான் என்பது தனி வேடிக்கை. பெற்றோரின் கைபேசி எண்களை ஓடிபி மூலம் சரிபார்க்கச் சொன்ன வாரங்களை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. வீட்டுவேலைக்குப் போன இடத்திலிருந்து பேசிய ஒரு தாய் கேட்டார்: "மிஸ், யார் கேட்டாலும் ஓடிபி சொல்லாதேன்னு பேங்க்ல சொல்லியிருக்காங்க. நீங்க மிஸ்ஸுதான்னு எனக்கு எப்படித் தெரியும்?" அவர் கேட்டதில் ஒரு சொல்லும் தவறில்லை. அப்படிக் கேட்கும்படிதானே பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்கிறோம்? மறுநாள் அவர் வேலையை விட்டுவிட்டுப் பள்ளிக்கே வந்து எண்ணைக் காட்டினார். அவருக்கு அரைநாள் கூலி போயிற்று, எனக்குப் பாடவேளை போயிற்று, பட்டியலில் ஒரு பெயர் பச்சையானது.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 27ஆம் பிரிவில், ஆசிரியரைக் கல்வி சாராத பணிகளுக்கு அனுப்பக் கூடாது என்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவை மட்டுமே விலக்கு. தரவு பதிவேற்றுவது இந்த மூன்றில் எதில் சேரும் என்று கேட்டால், "அதுவும் கல்விப் பணிதானே" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுகிறார்கள். 2023 அக்டோபரில் தொடக்கக் கல்வி ஆசிரியர்கள் சென்னையில் திரண்டு போராடியபோது, எமிஸ் எனப்படும் அரசுக் கல்வித் தகவல் தளத்தில் விவரங்களைப் பதிவேற்றும் பணியிலிருந்து தங்களை விடுவிக்க வேண்டும் என்பது அவர்களுடைய முக்கியக் கோரிக்கைகளுள் ஒன்று. அப்போது சமூக ஊடகங்களில் எழுதப்பட்டவற்றைப் படித்தேன்: "கைபேசி பயன்படுத்தக்கூடச் சோம்பல்." பாடம் நடத்த விடுங்கள் என்று ஓர் ஆசிரியர் தெருவில் நின்று கேட்கும்போது, அதைச் சோம்பல் என்று படிக்க எப்படித்தான் மனம் வருகிறதோ!

இவ்வளவு பணமும் நேரமும் கொட்டுகிறோமே, இதனால் பிள்ளைகள் கூடுதலாகக் கற்கிறார்களா என்ற கேள்வியைக் கேட்டாலே பழமைவாதி என்று முத்திரை குத்துகிறார்கள். கல்வித் தொழில்நுட்பத்தின் பயனைக் காட்டும் நல்ல, பாரபட்சமற்ற சான்றுகள் குறைவு என்று யுனெஸ்கோவின் உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கையே 2023இல் சொன்னது. பத்தாண்டுகளுக்கு மேலாகக் கணினிமயத்தில் முன்னால் ஓடிய சுவீடன், அதே ஆண்டில் அச்சுப் புத்தகங்களுக்குப் பணம் ஒதுக்கத் தொடங்கியது. அவர்களையும் காலத்துக்கேற்ப மாறாதவர்கள் என்பார்களோ?

செயற்கை நுண்ணறிவைப் பற்றியும் இப்போது பயிற்சி நடக்கிறது. பாடத்திட்டம் தயாரிக்க, வினாத்தாள் எடுக்க உதவும் என்கிறார்கள். உதவத்தான் செய்கிறது, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் "நீர் மாசுபாடு" என்று ஒப்படைப்பு கொடுத்தால், பக்கிங்காம் கால்வாய்க் கரையிலேயே குடியிருக்கும் பிள்ளை, கால்வாயைப் பற்றி ஒரு வரி இல்லாமல், செயற்கை நுண்ணறிவிடமே கேட்டு, முத்து முத்தான கையெழுத்தில், உலக நாடுகளுக்கு விடுத்த வேண்டுகோள் போல் ஒன்றை எழுதிக்கொண்டு வருகிறாளே, அவளை எப்படித் திரும்பத் தன் வீட்டு வாசலைப் பார்க்க வைப்பது என்று எந்தப் பயிற்சியிலும் யாரும் பேசுவதில்லை. பேசுவதெல்லாம் எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன வரும் என்பதைத்தான்.

உச்சக்கட்டக் கூத்து ஒன்று இருக்கிறது. கணினியில் ஏற்றிய பிறகும் காகிதம் ஒழியவில்லை. செயலியில் வருகையைப் பதிந்துவிட்டு அதையே வருகைப் பதிவேட்டிலும் எழுதுகிறேன். மதிப்பெண்ணை ஏற்றிவிட்டு அதையே பேரேட்டிலும் எழுதுகிறேன். ஏற்றியதற்குச் சான்றாக ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதை வாட்ஸ்அப் குழுவில் போட்டு, போட்டதை அச்செடுத்துக் கோப்பில் சேர்க்கிறேன். ஆய்வுக்கு வருபவர் கேட்பது அந்தக் கோப்பைத்தான். காலத்துக்கேற்ப மாறாதவர் எங்கள் இருவரில் யார்?

அடுத்த கல்வியாண்டில் எங்கள் பள்ளிக்கு ரோபோ ஆய்வகம் வரப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது. வரட்டும், மகிழ்ச்சிதான். ரிப்பன் வெட்டுவதற்கு முன், அதை நடத்தப் போகிற ஆசிரியர்களை ஒரு மணி நேரம் உட்கார வைத்து என்ன வேண்டும் என்று கேளுங்கள். பழுதானால் அழைக்க ஓர் ஆளையும், அவர் வந்தால் கொடுக்க ஒரு தொகையையும் எழுத்தில் கொடுங்கள். அதற்காக ஒதுக்கியிருக்கும் அறையில் இருக்கும் பிளக் பாயின்ட்டுகளில் எது வேலை செய்கிறது என்று ஒருமுறை சொருகிப் பார்த்துவிட்டு வாருங்கள். நான் பார்த்துவிட்டேன். ஒன்றுகூட இல்லை.