பட்டியலில் இல்லை என்றால் பிடித்துக்கொள்ளலாமா?

"சிலந்தி எந்தப் பாதுகாப்புப் பட்டியலிலும் கிடையாது. ஐப்பசி மழையில் கீரிப்பாறைக் காட்டுக்குள் போய் அள்ளி வந்து ஃபார்மலினில் போட்டால் போதும்" என்று ஆய்வுக்குச் சிலந்தி சேகரிப்பது பற்றி அண்ணாச்சி மேலே எழுதியிருக்கிறார். படித்துவிட்டுப் பையன்கள் யாராவது கிளம்பிவிடப் போகிறார்கள்!

கன்னியாகுமரி மாவட்டத்துக் கீரிப்பாறையில் ரப்பர் தோட்டங்களைத் தாண்டினால் மலையின் பெரும்பகுதி வனவிலங்கு சரணாலயம். அங்கே பட்டியல் கணக்கே எடுபடாது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். தவிர, மரப்பொந்துகளில் வாழும் பொய்சிலோதீரியா பெருஞ்சிலந்திகள் 2019 முதல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் இணைப்புப் பட்டியலில் இருக்கின்றன.

அனுமதி வாங்கியவர்களும் ஃபார்மலினைத் தொட வேண்டாம். சிலந்தியின் கால்கள் விறைத்து ஒடியும், மரபணு ஆய்வுக்கும் உதவாது. 70 முதல் 80 சதவீத எத்தனால்தான் வழக்கம். இடம், தேதி எழுதிய சீட்டு குப்பிக்குள்ளேயே கிடக்க வேண்டும், அதுவும் பென்சிலால். பேனா மை கரைந்து போகும். குஞ்சுகளைப் பிடிப்பது பெரும்பாலும் வீண் கொலை. முதிர்ந்த சிலந்தியின் இனப்பெருக்க உறுப்பைப் பார்த்துத்தான் பெரும்பாலான இனங்களை உறுதி செய்கிறார்கள்.

அண்ணாச்சி போட்டிருக்கும் படம் அருமை. மஞ்சள் இழை வலையின் நடுவில் விரல் நீளத்துக்கு நிற்பது நெஃபிலா என்ற பெரிய வலைச்சிலந்தியின் பெண். மேலோரத்தில் அரை சென்டிமீட்டர் அளவில் செம்பழுப்பாக ஒட்டியிருப்பதை அதன் குட்டி என்கிறார். குட்டியில்லை அண்ணாச்சி, அதுதான் மாப்பிள்ளை.