குளிகை நேரத்தில் ஒரு கிளிஃப்

(ஜூன் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை மாலை. சிங்கப்பூரில் தேக்காவுக்குப் பக்கத்தில் ஒரு கோப்பிக்கடை. காசிநாதன், வயது 64, ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். தனி வழிகாட்டியோடு லாப்ரடார் கடலோரக் கிளிஃப் (செங்குத்துப் பாறை) நடையை மகள் அவருக்குப் பிறந்தநாள் பரிசாகப் பதிவு செய்திருக்கிறாள். வருகிற சனிக்கிழமை நடை. எதிரில் வழிகாட்டி வள்ளி. மேசையில் ஒரு கோப்பி ஓ, ஒரு தே தாரிக்.)

காசி: உக்காரும்மா. முதல்ல லைசென்ஸை எடு.

வள்ளி: ஒரு வணக்கம்கூட கிடையாதாண்ணே?

காசி: முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டினவன் நான். லைசென்ஸ் இல்லாத ஆள் கையில உயிரைக் கொடுக்க மாட்டேன்.

வள்ளி: (கழுத்து அட்டையை எடுத்து நீட்டி) பயணத்துறைக் கழகம் கொடுத்தது. காசு வாங்கிக்கிட்டுச் சுற்றுப்பயணிகளுக்கு வழிகாட்டுறவங்க கட்டாயம் வச்சிருக்கணும். நீங்க கேட்டது சரிதான். முதலுதவி தெரியுமா, மழை வந்தா காசு திரும்புமா இல்ல வேற நாள் கிடைக்குமா, ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேரு, எல்லாத்தையும் காசு கட்டுறதுக்கு முன்னாடியே கேக்கணும்.

காசி: என் மக கேட்டாளா?

வள்ளி: ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க. "எங்கப்பா வாயைத் தாங்குவீங்களா"ன்னு.

காசி: (காதில் விழாதவர்போல) அது கிடக்கட்டும். அந்தக் கிளிஃப் எவ்வளவு உசரம்?

வள்ளி: உங்க பிளாக் எத்தனை மாடி?

காசி: இருபத்தஞ்சு.

வள்ளி: அதைவிடக் கம்மிதான்.

காசி: அப்ப நான் லிஃப்ட்ல மேல போயி எட்டிப் பாத்துட்டு வந்துடறேனே. காசும் மிச்சம், காலும் மிச்சம்.

வள்ளி: இந்த நாட்டுலயே பெரிய மலை புக்கிட் தீமா. அதுவே 164 மீட்டர் முழுசா தேறாது. லாப்ரடாருக்குப் பெருமை உசரத்துல இல்லண்ணே. பெரிய தீவுல சனங்க போய்ப் பாக்கக்கூடிய பாறைக் கடல்கிளிஃப் அது ஒண்ணுதான். மிச்சக் கரையில பெரும்பகுதி நாமளே மண்ணைக் கொட்டி, இட்லித்தட்டு ஓரம் மாதிரி வழிச்சு வச்சது.

காசி: சரி, தனிப் பயணம்னு போட்டிருக்கு. பாதையை நமக்காக மூடிடுவாங்கதானே?

வள்ளி: தனின்னா நான் உங்களுக்குத் தனி. பாதை ஊருக்கே பொது. ஓடுறவங்க, தூண்டில் போடுறவங்க, கல்யாணப் படம் எடுக்குறவங்க, எல்லாரும் இருப்பாங்க.

காசி: அப்ப நாங்க பதினோரு பேரு வர்றோம்.

வள்ளி: உங்க மக ரெண்டு பேருக்குத்தான் கட்டியிருக்காங்க.

காசி: உங்க அண்ணி, மச்சான், மச்சான் சம்சாரம், அவங்க வீட்டுக்கு ஊர்ல இருந்து வந்திருக்குற...

வள்ளி: ஆறு பேருக்கு மேல நான் கூட்டிட்டுப் போறதில்லண்ணே. பதினோரு பேரு பலகைப்பாதையில வரிசையா நடந்தா, முன்னால இருக்குற நான் பேசுறது கடைசி ஆளுக்குக் கேக்காது. அவருக்கு மூச்சு வாங்குனா அது எனக்குத் தெரியாது. யாரு மெதுவா நடக்குறாங்களோ அவங்க வேகந்தான் எல்லாருக்கும் வேகம். நீங்க பஸ்ஸுல கண்ணாடி பாத்தீங்க, எனக்குக் கண்ணாடி கிடையாது.

காசி: (யோசித்து) அது நியாயம். மச்சான் நிக்கட்டும். அவனுக்கு மூட்டுவலி. எனக்கு அதுல வருத்தமே இல்ல. தூரம் எவ்வளவு?

வள்ளி: லாப்ரடார் பார்க் எம்ஆர்டி ரயில் நிலையத்துல இறங்கி, பெர்லேயர் ஓடை ஓரமா சதுப்புநிலப் பலகைப்பாதை. அது 960 மீட்டர். அப்புறம் கடலோரம். அங்கேருந்து புக்கிட் செர்மின் பலகைப்பாதை, கடல் மேலயே 330 மீட்டர், போய்த் திரும்பணும். கடைசியா லாப்ரடார் குன்று ஏறி, பாசிர் பாஞ்சாங் கோட்டையைப் பாத்துட்டு இறங்குறோம். எல்லாம் சேத்து நாலரை கிலோமீட்டர் சுமாரு. மூணு மணி நேரம்.

காசி: நாலரை கிலோமீட்டருக்கு மூணு மணி நேரமா? நடுவுல எட்டு சிக்னல் இருந்தாலும் நான் பதினஞ்சு நிமிஷத்துல போயிருவேன்.

வள்ளி: நண்டு பாக்க பஸ் நிறுத்துவீங்களா?

காசி: நிறுத்தம் இருந்தா நிறுத்துவேன்.

வள்ளி: என் வண்டியில நண்டு, கழுகு, பெரணிச்செடி எல்லாமே நிறுத்தம். சரி, சனிக்கிழமை என்ன சப்பாத்து போடுவீங்க?

காசி: (பெருமையாகக் காலைத் தூக்கி) இதோ. மலையேறுறதுக்குன்னே 2013ல வாங்கினது. ரெண்டே தடவை போட்டேன். அப்புறம் பெட்டியிலேயே பத்திரமா வச்சிருக்கேன். பாரு, புதுசு மாதிரி!

வள்ளி: பத்திரமா வச்சதுதாண்ணே ஆபத்து. அடியில பாலியூரித்தேன்னு ஒரு பஞ்சு. நம்ம ஊரு காத்துல இருக்குற ஈரத்தை வருஷக்கணக்கா குடிச்சுக் குடிச்சு உள்ளுக்குள்ளேயே உளுத்துப்போகும். மேல்தோல் பளபளன்னு இருக்கும், உள்ள பொடிப்பொடியா இருக்கும். கட்டைவிரலால ஓரத்தை அழுத்துங்க, நல்லா வளைச்சும் பாருங்க. வெடிப்பு தெரிஞ்சா...

காசி: வெடிப்பாவது ஒண்ணாவது! (ஓங்கித் தரையில் மிதிக்கிறார். பொத்தென்று ஒரு சத்தம். சப்பாத்தின் அடிப்பாகம் மேசைக்கு அடியில் தனியாகக் கிடக்கிறது.)

(மௌனம்.)

வள்ளி: அண்ணே, பின்சக்கரம் கழண்டுருச்சு.

காசி: பாதி வழியில இது நடந்திருந்தா?

வள்ளி: அதுக்குத்தான் என் பையில கேபிள் டை நாலு, அகல ஒட்டுநாடா ரெண்டு மீட்டர் எப்பவும் இருக்கும். (குனிந்து கட்டுகிறாள்.) ஒரு கட்டு விரல்பக்கம், ஒரு கட்டு பாதத்து வளைவுல. முடிச்சு மேல்பக்கம் வரணும், அடியில வந்தா வழுக்கும். இது வீடு போய்ச் சேர மட்டும். புதுசு நாளைக்கே வாங்குங்க, சாயங்காலமா போய் வாங்குங்க, அப்பத்தான் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். பெருவிரலுக்கு முன்னாடி ஒரு விரல் அகலம் இடம் இருக்கணும், இல்லன்னா இறக்கத்துல நகம் கறுத்துப்போகும். சனிக்குள்ள பிளாக்குக்குக் கீழே தினம் அரை மணி நேரம் போட்டு நடங்க.

காசி: புது வண்டி ஓட்டிப் பழகுற மாதிரி.

வள்ளி: அதேதான். இப்ப நேரம். காலை ஏழேகாலுக்கு ஆரம்பிக்கிறோம்.

காசி: முடியாது! பத்தரைக்கு மேலதான்.

வள்ளி: பத்தரைக்கு மேல பலகையில தோசை வார்க்கலாம்ண்ணே.

காசி: சனிக்கிழமை ஒம்போதுல இருந்து பத்தரை ராகுகாலம். காலண்டர்ல போட்டிருக்கு.

வள்ளி: எந்த ஊரு காலண்டர்?

காசி: மதுரை நகைக்கடையில கொடுத்தது.

வள்ளி: ராகுகாலம் சூரிய உதயத்துல இருந்து கணக்கு. அங்க ஆறு மணிக்கு உதயம்னு வச்சுப் போட்டிருக்காங்க. இங்க சூரியன் ஏழு மணிக்குத்தான் எழுந்திரிக்குது. அப்ப நமக்குச் சனிக்கிழமை ராகு பத்துல இருந்து பதினொண்ணரை. நீங்க கேக்குற பத்தரை அதுக்கு நட்டநடுவுல இருக்கு.

காசி: (திகைத்து) அப்ப இத்தனை வருஷமா நான் நல்ல நேரம்னு ராகுவோடயா சுத்திக்கிட்டிருந்தேன்?

வள்ளி: இன்னொரு காலண்டரும் இருக்கு. கடல் காலண்டர். ஒரு நாளைக்கு ரெண்டு தடவை கடல் ஏறும், ரெண்டு தடவை வத்தும். ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிஷம் தள்ளிப்போகும்.

காசி: தினமும் 50 நிமிஷம் லேட்டா வர்ற பஸ்ஸு. புகார் கொடுக்கலாமே.

வள்ளி: எத்தனை மணிக்கு வரும்னு வருஷம் முழுக்கவும் முன்கூட்டியே அட்டவணை போட்டுடுறாங்களே.

காசி: அப்ப அது லேட்டே இல்ல. நேரத்துக்குத்தான் வருது.

வள்ளி: அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நல்லா ஏறி நல்லா வத்தும். மூணு மீட்டர்வரைக்கும் வித்தியாசம் இருக்கும். வருஷத்தோட நடுவுல பெரிய வத்தம் விடியக்காலையில வரும், வருஷக் கடைசியில சாயங்காலம் வரும். வர்ற வெள்ளிக்கிழமை அமாவாசை. ஏழேகாலுக்குப் போனா பாறையோட அடிக்காலே வெளிய தெரியும். பத்தரைக்குப் போனா வெறும் தண்ணி.

காசி: இறங்கி ரெண்டு சிப்பி பொறுக்கலாமா?

வள்ளி: இறங்கவும் கூடாது, பொறுக்கவும் கூடாது. அது இயற்கை வனப்பகுதி. தடுப்பு போட்டிருந்தா அதோட நம்ம பயணம் முடிஞ்சது. அந்தக் கிளிஃப் அடுக்கடுக்கான படிவுப்பாறை. மேல இருந்து மழைத்தண்ணி இறங்கும், மரவேர் இடுக்குல புகுந்து நெம்பும், கீழ இருந்து அலை அடிமண்ணை அரிக்கும். விளிம்பு மேல புல்லா தெரியும், அடியில வெறும் காத்து. ராத்திரி பெருமழை பெஞ்சா அடுத்த நாள் காலையில நான் ஓரத்துப் பக்கமே கூட்டிட்டுப் போறதில்ல.

காசி: அப்ப செல்ஃபி?

வள்ளி: கைப்பிடிக்கு இந்தப் பக்கம், முதுகைக் கடலுக்குக் கொடுத்து நடக்காம, நின்னு எடுங்க. பாறை விழுறதைவிட, படம் எடுக்கப் பின்னாடியே நடந்து விழுறவங்களைத்தான் எனக்குப் பயம்.

காசி: பின்னாடி பாக்காம ரிவர்ஸ் எடுக்கக் கூடாது. பாலபாடம். சரி, அங்க டிராகன் பல்லுன்னு ஒண்ணு இருக்காமே, மக சொன்னா.

வள்ளி: லோங் யா மென். டிராகன் பல் வாசல். துறைமுக வாசல்ல பல்லு மாதிரி நிமிந்து நின்ன பாறை. 14ஆம் நூற்றாண்டுலயே சீனப் பயணி வாங் தாயுவான் எழுதி வச்சிருக்காரு. கப்பல்காரங்களுக்கு அதுதான் அடையாளம். கப்பல் வழியை அகலப்படுத்தணும்னு 1848ல வெள்ளைக்காரன் வெடி வச்சுத் தகர்த்துட்டான்.

காசி: அடப்பாவி, பல்லைப் பிடுங்கிட்டானா!

வள்ளி: இப்ப அங்க நிக்கிறது 2005ல செஞ்சு வச்ச மாதிரிப்பாறை.

காசி: பொய்ப்பல்லு. (தன் தாடையைத் தடவிக்கொள்கிறார்.) எனக்கும் அதே வருஷந்தான் கட்டினாங்க. நாங்க ரெண்டு பேரும் சேந்து ஒரு படம் எடுக்கணும்.

வள்ளி: எடுத்துடலாம். தண்ணி, ஆளுக்கு ஒன்றரை லிட்டர். ஒரேயடியா குடிக்காம, கால் மணிக்கு ஒரு தடவை நாலு மடக்கு. இங்க காத்துலயே ஈரம் நிறைஞ்சு கிடக்குறதால வேர்வை காயாது, உடம்பு குளிராது. தலை கிறுகிறுன்னா, குமட்டினா, உடனே எங்கிட்ட சொல்லணும். வெயில் பசையை முதல்ல பூசி, கால் மணி கழிச்சு மேல கொசு மருந்து. மாத்திப் பூசக் கூடாது.

காசி: சாப்பாடு? உங்க அண்ணி ஒரு அண்டா மட்டன் பிரியாணி...

வள்ளி: அண்டாவை யாரு தூக்குவா?

காசி: மச்சானைத்தான் நிறுத்தியாச்சே. அதுவும் கஷ்டம்.

வள்ளி: ஆளுக்கு ரெண்டு வாழைப்பழம், உப்புக்கடலை ஒரு பிடி. பசியாறுறது நடை முடிஞ்சதும். அணிலுக்கு, பறவைக்கு ஒரு பருக்கை போடக் கூடாது. முதல் தடவையே 5,000 வெள்ளி வரைக்கும் அபராதம்.

காசி: ஒரு கடலைக்கு ஐயாயிரம் வெள்ளியா! அணில் கிட்ட வந்தா நான் ஓடியே போயிருவேன். பெரிய குடை ஒண்ணு எடுத்துக்கவா?

வள்ளி: மழைக்கோட்டு எடுங்க. படியில ரெண்டு கையும் காலியா இருக்கணும். இந்த மாசங்கள்ல சுமத்ராக் காத்து வரும். விடியக்காலையிலோ காலையிலோ மேக்கே மேகம் ஒரு கறுப்புக் கோடா எழும்பும், முதல்ல சில்லுன்னு காத்து, அப்புறம் இடி, மழை. மின்னலுக்கும் இடிக்கும் நடுவுல எண்ணணும். 30 செகண்டுக்குள்ள இடி கேட்டா பத்து கிலோமீட்டருக்குள்ள இருக்குன்னு அர்த்தம். உடனே திரும்புவோம். கட்டடத்துக்குள்ள போகணும், மரத்தடி ஆகாது. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழிச்சுத்தான் வெளிய.

காசி: கிளிஃப்புக்குப் பத்தடி முன்னால நிக்கும்போது இடிச்சா?

வள்ளி: பத்தடி முன்னாலேயே திரும்புவோம்.

காசி: அப்ப எதுக்கும்மா உனக்குக் காசு?

வள்ளி: முன்னால நடக்கிறதுக்கு யாரும் காசு தர வேண்டாம். பாதைதான் பலகை போட்டுக் கிடக்குதே. "போதும், திரும்புங்க"ன்னு சொல்றதுக்குத்தான் தர்றீங்க. நீங்க வாதாடினா இன்னும் வேகமா திரும்புவேன்.

காசி: (நிமிர்ந்து உட்கார்ந்து) ஓட்டுநர்கிட்ட வாதாடக் கூடாது. முப்பத்தோரு வருஷம் நான் சொன்னதும் அதுதான். யாரு கேட்டா?

(காசியின் கைப்பேசி அடிக்கிறது.)

காசி: உங்க அண்ணி. (பேசியில்) ஆங்... ஏழேகாலு... ராகு இல்ல, அது பத்து மணிக்கு மேல, நீ மதுரைக் காலண்டரைத் தூக்கிப் போடு... என்ன? குளிகையா? ... ஏழுல இருந்து எட்டரையா? நீயே கணக்குப் போட்டியா? ... ஏன் சிரிக்கிற? ... சரி, சரி. (வைக்கிறார். முகம் வாடியிருக்கிறது.)

வள்ளி: என்னண்ணே, அண்ணிக்குச் சம்மதம் இல்லையா?

காசி: ரொம்பச் சம்மதம். சனிக்கிழமை காலையில முதல் ஒன்றரை மணி நேரம் குளிகையாம். குளிகையில எதை ஆரம்பிச்சாலும் அது திரும்பத் திரும்ப நடக்குமாம். எனக்குச் சர்க்கரை இருக்குறதால, வாராவாரம் நடந்தா நல்லதுன்னு அதே ஏழேகாலுக்கே வச்சுக்கச் சொல்றா.

வள்ளி: (பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து) பத்து சனிக்கிழமைக்குச் சேத்துக் கட்டினா கழிவு உண்டு. எழுதிக்கவா?