டம்ளர் தண்ணியைக் குடிச்சுக் காட்டினா ஆறு சுத்தமாயிடுமா?

எந்த ஊர்ல ஆறு நாறினாலும் நம்மாளுங்ககிட்ட ஒரே பதில்தான், சுத்திகரிப்பு நிலையம் கட்டறோம்னு அடிக்கல், ரிப்பன், போட்டோ, முடிஞ்சுது ஜோலி. அந்த பிளான்ட் எதை எடுக்குது, எதை அப்படியே வெளிய விடுதுன்னு யாரும் கேக்கறதில்ல. எனக்கு இருக்கற கடுப்பே இதுதான்.

ஜப்பான்ல மினமாட்டான்னு ஒரு கடலோர ஊரு. சிஸ்ஸோன்னு ஒரு கெமிக்கல் கம்பெனி 1932-லேர்ந்து பாதரசக் கழிவைக் கடல்ல விட்டுட்டு இருந்துச்சு, அது மீன்ல ஏறி, அந்த மீனைத் தின்ன பூனைங்க எல்லாம் கிறுகிறுன்னு சுத்தி விழுந்து செத்துச்சு, மனுஷங்களுக்கும் கை கால் இழுத்துக்கிச்சு. 1956-ல நோய் வெளிய தெரிய வந்துச்சு. 1959-ல கம்பெனியோட சொந்த ஆஸ்பத்திரி டாக்டரே ஆலைக் கழிவைப் பூனைக்குக் குடுத்துப் பாத்தாரு, அதே நோய் வந்துச்சு, கம்பெனி அதை அப்படியே அமுக்கிடுச்சு. அதே வருஷம் டிசம்பர்ல தடபுடலா ஒரு சுத்திகரிப்பு பிளான்ட் திறந்து கம்பெனித் தலைவரே எல்லார் முன்னாடியும் ஒரு டம்ளர் தண்ணியைக் குடிச்சுக் காட்டினாரு. பாதரசத்தை எடுக்கறதுக்குன்னு கட்டின பிளான்ட்டே இல்ல அது! பாதரசக் கழிவு வர்ற அந்த உற்பத்தியை 1968 மே மாசம்தான் நிறுத்தினாங்க, அதுவும் அந்த முறை பழசாயிட்டதால. செப்டம்பர்லதான் அரசாங்கம் ஆமா இந்தக் கழிவுதான் காரணம்னு ஒத்துக்குது. டைமிங்கை பாத்தீங்களா?

ஜப்பான் வரைக்கும் எதுக்குப் போகணும், திருப்பூர் வழியா ஓடற நம்ம நொய்யல் ஆறு இருக்கே, அங்க சாயப்பட்டறைங்க ஜாஸ்தி. காட்டன் துணில சாயம் ஏறணும்னா உப்பு கொட்டணும், கருப்பு நேவி ப்ளூ மாதிரி டார்க் கலர்னா இன்னும் ஜாஸ்தி. அந்த உப்பு துணில நிக்காது, மொத்தமும் கழிவுத் தண்ணிலதான் வரும். தொண்ணூறுகள்ல திருப்பூர்ல பொது சுத்திகரிப்பு நிலையங்க வந்துச்சு, கலரைக் குறைச்சுது சரி, உப்பு? கரைஞ்ச உப்பை பாக்டீரியா திங்காது, சாதாரணமா வடிகட்டினாலும் நிக்காது, நேரா ஆத்துக்குத்தான். பாசனத்துக்குன்னு நொய்யல்ல 1992-ல கட்டி முடிச்ச ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தொட்டி ஆயிடுச்சு. தண்ணி தொறந்து விடுங்கன்னு சண்டை போடற விவசாயியைப் பாத்திருப்பீங்க, இங்க தயவு செஞ்சு தொறந்துடாதீங்கன்னு போராடினாங்க. அப்படி ஒரு அணை வேற எங்கயாவது இருக்கா தெரியல.

எது மாத்துச்சு? கோர்ட்டு. ஒரு சொட்டுக் கழிவும் வெளிய வரக்கூடாதுன்னு 2006-லயே சென்னை ஹைகோர்ட் சொல்லிருச்சு, ஆனா அது முழுசா நடக்கல. 2011 ஜனவரில மொத்தச் சாயப்பட்டறையையும் மூடுன்னு உத்தரவு வந்தப்பதான் ஊரே ஆடிப்போச்சு. வேலை போன தொழிலாளிங்க பாடு பெரும்பாடு, அதை லேசா சொல்லிட்டுப் போக எனக்கு மனசு வரல. ஆனா அதுக்கப்புறம்தான் ஆர்ஓ (உப்பைப் பிரிக்கற நுண்ணிய சவ்வு வடிகட்டி), எவாப்ரேட்டர் (தண்ணியை ஆவியாக்கற மெஷின்) எல்லாத்தையும் ஒழுங்கா ஓட்டி, தண்ணில தொண்ணூறு சதவீதத்துக்கு மேல திரும்ப எடுத்து, உப்பையும் மீட்டு மறுபடி சாயத்துக்கே யூஸ் பண்றாங்க. முடியவே முடியாதுன்னு சொன்னது முடிஞ்சுதா இல்லையா? இன்னமும் மீட்க முடியாத கலவை உப்பு மூட்டை மூட்டையா ஷெட்ல கெடக்கு, அதுக்கு ஒழுங்கான வழி இல்ல. கரன்ட்டு, நீராவின்னு செலவு வேற, துணி வாங்கற பையருங்க அதுக்காக டீசர்ட்டுக்கு ஒரு காசு ஏத்திக் குடுக்க மாட்டாங்க, ஆனா அவங்க வெப்சைட்ல மட்டும் இலையும் பூவும் போட்டு பசுமைன்னு எழுதிக்குவாங்க.

ஐரோப்பால ரைன் நதியும் இப்படித்தான். 1986 நவம்பர் 1, சுவிஸ்ல பாசல் பக்கத்துல சான்டோஸ்ங்கற கெமிக்கல் கம்பெனியோட குடோன் தீப்பிடிச்சுது, அணைக்க அடிச்ச தண்ணியோட பூச்சிமருந்து ஆத்துல கலந்து ஆறே செவப்பாச்சு, விலாங்கு மீனுங்க கொத்துக்கொத்தா செத்துச்சு. அடுத்த வருஷமே கரையோர நாடுங்க உக்காந்து ஒரு திட்டம் போட்டாங்க. விஷயம் என்னன்னா, அவங்க வச்ச டார்கெட் இத்தனை பிளான்ட், இத்தனை கோடின்னு இல்ல, 2000-க்குள்ள சால்மன் மீன் திரும்ப வரணும்னு வச்சாங்க. தொண்ணூறுகள்ல வர ஆரம்பிச்சுது. மீனுக்கு ரிப்பன் வெட்டத் தெரியாது பாருங்க, தண்ணி நல்லாருந்தாதான் வரும்.

அதனால உங்க ஊர்ல அடுத்த பிளான்ட் திறக்கறப்போ எத்தனை கோடின்னு கேக்காதீங்க. எந்தக் கெமிக்கலை எடுக்கும், வெளிய வர்ற தண்ணில டிடிஎஸ், அதாவது கரைஞ்ச உப்பு மாதிரி சமாச்சாரத்தோட மொத்த அளவு, எவ்வளவு, அந்த நம்பர் தினமும் நம்ம போன்ல தெரியுமா, நம்பர் ஏறினா எந்த வால்வை யார் மூடுவாங்க, இந்த நாலையும் கேளுங்க. மேடைல இருக்கறவங்க பதில் சொல்லாம டம்ளரைத் தூக்கினா வீடியோ எடுத்து வச்சுக்கங்க.